என் பெயரில் ஓர் எல்க்

டாக்வெல்
மே 18, 1987

தோராவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே மழை இல்லை, புல் இல்லை. மாடுகள் இருக்கின்றன.

ஒரு விஷயம். வில்லோ பெண்ட் சரணாலயத்தில் இந்த வருஷத்து எல்க் மான் வேட்டைக்குக் குலுக்கல் விண்ணப்பம் அனுப்பினேன். எனக்கு ஒன்று, உன் பெயரில் ஒன்று. கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன். பயப்படாதே. பத்தொன்பது வருஷமாக எனக்கே விழவில்லை, உனக்கா விழப்போகிறது? ஊரில் எல்லோரும் பெண்டாட்டி பெயர், மாமியார் பெயர் எல்லாம் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். உன் அண்ணி நாடினைக் கேட்டால் எதற்கு, ஏன் என்பாள். அதனால் உன் பெயர்.

இந்த வருஷம் வெர்ல் என்னோடு சேர்ந்து போடவில்லை. முதுகு வலியாம்.

ஃபோன் செய்யாதே. ஃபோன் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, நாடினும் அங்கேதான் இருக்கிறாள். எழுது.

போன வாரம் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். புதருக்குள் பெரிய ஆண் எல்க் ஒன்று நடந்தது. அந்தக் குளம்புச் சத்தமே தனி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓரின்


பியூட்
ஜூன் 2, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் பூனையும் நலம். அங்கே நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? மாடுகளைப் பற்றி எழுதினாய், அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் கேட்கிறேன்.

கடைசியாக என்னைக் கேட்காமல் என் கையெழுத்தைப் போட்டவர் என் இரண்டாவது கணவர். அதன் பலனாக வாசலில் ஒரு படகு வந்து இறங்கியது. பியூட்டில் படகு விடுவதற்கு இருக்கிற தண்ணீர் செம்புச் சுரங்கக் குழியில் தேங்கியிருப்பதுதான். அதில் கால் வைத்தால் செருப்புகூடத் திரும்பி வராது. இப்போது நீ. நம் வீட்டு ஆண்களுக்கு என் கையெழுத்து என்னைவிட நன்றாக வருகிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை. சரணாலயம் என்று பெயர் வைப்பார்களாம். அங்கே வந்து சரணடைந்த மிருகத்தைச் சுடுவதற்குக் குலுக்கல் நடத்துவார்களாம். குலுக்கலில் விழாதவர்கள் பத்தொன்பது வருஷம் அழுவார்களாம். நான் பார்லரில் சுருட்டை முடியை நீட்டி, நீட்டு முடியைச் சுருட்டிப் பிழைக்கிறவள். எனக்கே இது தலைகீழாகத் தெரிகிறது.

அப்புறம் வெர்லின் முதுகு. ஈஸ்டருக்கு நான் வந்திருந்தபோது அந்த முதுகு ஊர் மன்றத்தில் விடிய விடிய போல்கா நடனம் ஆடியது. என்னையும் சேர்த்து மூன்று பெண்களைத் தூக்கிச் சுற்றியது. என் எடை உனக்குத் தெரியும். மனைவி போன பிறகு அவனுக்குத் தான் பெரிய அழகன் என்ற நினைப்பு வேறு. அந்தப் பல்செட்டை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு! இத்தனை வருஷம் ஒரே கூடாரத்தில் குறட்டை விட்டவர்கள் நீங்கள். இப்போது முதுகு என்கிறாய். என்ன சண்டை?

உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? ஒரு தாளுக்கு ஏழு வரி, அதுவும் சரிவில் இறங்குகிற வண்டி மாதிரி. செவிட்டுத் தங்கைக்குக் கத்துகிறாயா?

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

தோரா


பியூட்
ஆகஸ்ட் 6, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டுக் கேட்டு இரண்டு மாதமாயிற்று. என் ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுது, நானாவது எதற்கு என்று யோசிப்பேன்.

சரி, உட்கார்ந்துகொள். விழுந்துவிட்டது.

உனக்கல்ல. எனக்கு.

எங்கள் தபால்காரர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "பதினாலு வருஷமா நானும் போடுறேம்மா" என்றார். கையில் நீட்டிய உறையைத் திரும்ப இழுத்து, குனிந்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்லருக்கு மனைவிகளைக் கொண்டுவந்து விடுகிற புருஷன்கள் வண்டியைவிட்டு இறங்காமல் கண்ணாடி வழியே என்னை முறைக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இத்தனை ஆண்கள் என்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு மான்.

வில்லோ பெண்ட், கொம்புள்ள எல்க் ஒன்று, தோரா லிண்ட்விக் என்று அனுமதிச் சீட்டில் அச்சடித்திருக்கிறது. பூனை அதன்மேல் படுத்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

உன் தங்கை,
தோரா


டாக்வெல்
ஆகஸ்ட் 11, 1987

தோராவுக்கு,

நலம். ஜூன் கடிதத்துக்கும் சேர்த்து இதுதான் பதில். புல் அறுக்கிற நேரம். யாருக்கும் ஓய்வில்லை.

பூனையை எழுப்பு. சீட்டை எடுத்து உலர்ந்த இடத்தில் வை. இனி யாரிடமும் காட்டாதே.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அக்டோபர் 24 சீசன் திறக்கிறது. நீ அதற்கு முதல் நாள் மாலை வந்துவிடு. காலையில் வண்டியில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திரு. நான் இறங்கிப் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறேன். பிறகு நீ வந்து சீட்டைக் கொம்பில் கட்டு. ஊரில் இப்படித்தான் நடக்கிறது. மனைவி சீட்டு, அம்மா சீட்டு, யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த ஆண் அங்கேதான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் வில்லோ மரத்தில் கொம்பு தேய்த்தது. பட்டை உரிகிற சத்தம் ஆற்றின் இந்தப் பக்கம்வரை கேட்டது. தோரா, நான் இரவெல்லாம் தூங்கவில்லை.

வரும்போது கனமான காலுறை எடுத்து வா.

ஓரின்


பியூட்
செப்டம்பர் 4, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், என் வலது தோளைத் தவிர. அது பழுத்த பிளம் பழ நிறத்தில் இருக்கிறது. காரணம் பிறகு.

முதலில் ஒரு கதை. என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிற திருமதி மாருஷிச்சுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே போலச் சீட்டு விழுந்தது. புருஷன் சுட்டார், இவள் வண்டியில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வேட்டைக்காரர்களைச் சோதிக்கிற ஒரு பெண் அதிகாரி குதிரையில் வந்தாளாம். துப்பாக்கியைக் கேட்கவில்லை, அதட்டவில்லை. "நல்ல குறிம்மா. எந்தக் கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டீங்க?" என்று மட்டும் கேட்டாளாம். திருமதி மாருஷிச் நேர்மையாக யோசித்து, "ரெண்டையும்" என்றாள். துப்பாக்கி போயிற்று, மான் போயிற்று, இரண்டு பேருக்கும் பல வருஷம் உரிமம் கிடையாது. அந்த அதிகாரியின் பெயர் ஹெஸ்டர் க்ரோல். இப்போது எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். வில்லோ பெண்ட்.

ஆகையால் அண்ணா, நான் வண்டியில் உட்காரப்போவதில்லை. சுடவேண்டுமானால் நானே சுடுகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? கீழ்த்தெருவில் இருக்கிற டூஷன் என்பவர் தன் துப்பாக்கியைக் கொடுத்து, சுடுகிற மைதானத்துக்குத் தினமும் சாயங்காலம் கூட்டிப் போகிறார். முதல் நாள் என் தோட்டா பக்கத்து ஆளின் இலக்கில் பட்டது. அவர் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கணவர்களைத் தேர்ந்தெடுத்த லட்சணத்திலேயே என் குறி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஆனால் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் பத்துக்கு எட்டு விழுகிறது. எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நீ என் பக்கத்தில் இரு. எங்கே உட்காருவது, எப்போது மூச்சை அடக்குவது, எல்லாம் நீ சொல். விசையை மட்டும் நான் இழுக்கிறேன். சீட்டு என் பெயரில்தானே?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணியே ஃபோன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "உங்கண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுறதை விட்டாச்சே, உனக்குத் தெரியாதா? போன நவம்பர்லேர்ந்தே போறதில்ல. ஹெட்மாஸ்டரோட ஏதோ மனஸ்தாபமாம்" என்றாள். உன்னோடு மனஸ்தாபப்பட்ட ஹெட்மாஸ்டர் நான் பார்த்ததே இல்லை. அந்தக் குழந்தைகளுக்காகப் பனியில் வண்டிக்கு முன்னால் நடந்து போய் வழி பார்த்தவன் நீ. ஒன்பது மாதமாக எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன்?

பதில் சீக்கிரம் வேண்டும்.

தோரா


டாக்வெல்
செப்டம்பர் 21, 1987

தோராவுக்கு,

பஸ் சலித்துவிட்டது. விட்டேன். அவ்வளவுதான். நாடினிடம் இதையெல்லாம் கிளறாதே.

ஹெஸ்டர் க்ரோல் ஒரே ஆள். சரணாலயம் நூறு சதுர மைல்.

நீ இரண்டு வாரம் தட்டைச் சுட்டாய். நான் பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தபால் பெட்டிக்கு நடந்து போய் வெறும் கையோடு திரும்பினேன். சீட்டில் உன் பெயர் இருக்கிறது. சீட்டு என்னுடையது.

ஓரின்


டாக்வெல்
அக்டோபர் 1, 1987

தோரா அம்மாவுக்கு வெர்ல் ஆஸ்கார்ட் எழுதுவது.

நலம்தானே? எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதி என்னைக் கேட்டிருந்தீர்கள், "அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன?" என்று. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்து நாள் யோசித்தேன். வாக்கைவிடத் தோட்டா பெரிது.

போன நவம்பரில் நாங்கள் இருவரும் மேட்டு நிலத்தில் வேட்டைக்குப் போயிருந்தோம். நான் ஆளை அடையாளம் காட்டுகிற ஆரஞ்சுச் சட்டை போட்டு, முகட்டைத் தாண்டி, அவனுக்கு நேர் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தேன். பட்டப்பகல். என் காதுக்குப் பக்கத்தில் பைன் மரப்பட்டை சிதறியது. அப்புறம்தான் வெடிச்சத்தம் கேட்டது. நான் போய்ச் சேரும்போது அவன் துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "எல்க்னு நெனச்சேன்டா" என்றான்.

டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும் இருக்கிறது. நடப்பான், வேலி கட்டுவான், மாட்டை ஓட்டுவான். ஆனால் எதை நேராகப் பார்க்கிறானோ அது அவனுக்கு இல்லை. என்னோடு பேசும்போது என் காதுக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசுகிறான். அப்போதுதான் என் முகம் தெரிகிறதாம்.

மேட்டிலிருந்து இறங்கிய மறுநாளே பஸ் சாவியைக் கொடுத்துவிட்டான். குழந்தைகள் விஷயத்தில் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை இல்லை. துப்பாக்கியை மட்டும் கொடுக்கமாட்டேன் என்கிறான். நாடினுக்குத் தெரியாது. தெரிந்தால் தன்னைச் சேணம் கழற்றிய கிழட்டுக் குதிரையாக லாயத்தில் நிறுத்திவிடுவாள் என்று பயப்படுகிறான்.

உங்கள் கடிதங்களை மாட்டுக்கொட்டகையில் வைத்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஜூலை முழுக்க எனக்குப் புல் அறுப்பு. அதனால் ஜூன் கடிதம் அவன் சட்டைப் பையிலேயே கிடந்தது. உங்களுக்குச் சீட்டு விழுந்ததை நான் வாசித்தபோது அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. அடுப்பில் போட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
வெர்ல்

பி.கு.: பல்செட் இல்லை. என் சொந்தப் பல்.


பியூட்
அக்டோபர் 8, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், இனி அந்தக் கவலை வேண்டாம்.

முதலில் ஒரு பொது அறிவிப்பு. என் பழைய கடிதம் ஒன்றில் ஒருவருடைய பற்களைப் பற்றி எழுதியதை முழுமனதோடு வாபஸ் பெறுகிறேன். இந்த வரியை வாசிக்கிறவர் வாசித்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம். அவர் சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதும் உனக்குப் புரிந்திருக்கும். வெர்லைத் திட்டாதே. கேட்டது நான்.

மூன்று நாளாகச் சீட்டை எடுப்பதும் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் திரும்புவதுமாக இருக்கிறேன். கடைசியில் போடவில்லை. நான் வருகிறேன். நீ முன்னால் நட, கேள், எங்கே என்று சொல். நான் பார்க்கிறேன், நான் சுடுகிறேன். உன் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். ஒரே நிபந்தனை அதுதான். இதில் பேரம் கிடையாது.

அந்த ஆண் புதருக்குள் நடந்தது என்று எழுதினாய், கொம்பு தேய்த்தது என்று எழுதினாய். உன் கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஒரு இடத்தில்கூட அது எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. சத்தம், சத்தம், சத்தம். நான் எவ்வளவு பெரிய மக்கு பார், உன் எழுத்து பெரிதாயிருக்கிறது என்று கேலி செய்தேன்.

அண்ணியிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன்.

தோரா


டாக்வெல்
அக்டோபர் 16, 1987

தோராவுக்கு,

வா.

வெர்லின் முதுகு நிஜமாகவே போய்விட்டது. உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கீழே விழுந்த உறையை எடுக்கக் குனிந்தான், நிமிரவில்லை. பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இனி வாசிக்க ஆளில்லை, எழுதாதே.

துப்பாக்கி என்னோடு வரும். அதைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்.

ஓரின்


பியூட்
நவம்பர் 3, 1987

அன்புள்ள வெர்லுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி? அந்தச் சொந்தப் பற்களுக்கு வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது தருகிறார்களா? ஒரு தடவை கேலி செய்ததே போதும், முதுகைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

கிளம்புகிற அன்று விடியுமுன் அண்ணி எழுந்து காபி வைத்திருந்தாள். அண்ணன் கை நீட்டினான், குவளை கையில் இருந்தது. ரொட்டிக்குக் கை நீட்டினான், ரொட்டி இருந்தது. இவனுக்கா கண் தெரியாது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு நேராகப் போய்ச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். "அண்ணா" என்றேன். "வண்டியை எடு" என்றான். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

ஆற்று வளைவில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கிறதே, அதற்குப் பின்னால் உட்கார்ந்தோம். இருவர் மேலும் ஆரஞ்சுச் சட்டை. எனக்கு அது ஒரு கூடாரம் அளவு இருந்தது. வெளிச்சம் மெல்ல வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் செய்தி வாசித்தான். மூன்று பெட்டை தண்ணீர் குடிக்கிறது, ஒன்று குட்டியோடு இருக்கிறது, மேலே காற்று திரும்பப்போகிறது. நான் பைனாகுலரில் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. கடவுளே, எத்தனை கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வலது பக்கப் புதரில் கிளை ஒடிந்தது. கனமான ஒரு கால். இன்னொரு கால். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டான். பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளுகிற சின்ன 'க்ளிக்'.

நான் பைனாகுலரைத் திருப்பினேன். இலை இடுக்கில் பழுப்பு நிற விலா. ஒரு வார். வாருக்குப் பின்னால் துளி ஆரஞ்சு.

வெர்ல், நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். ஆனால் அப்போது நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவானோ என்று பயம். துப்பாக்கிக் குழலின்மேல் கையை வைத்தேன். அழுத்தவில்லை, சும்மா வைத்தேன்.

"அண்ணா, எத்தனை கிளைக் கொம்பு?" என்றேன்.

குழல் புதரை நோக்கியே இருந்தது.

"நீ குறி வச்சிருக்கியே, அதுக்குத்தான் கேக்குறேன். எத்தனை?"

"ஆறு" என்றான்.

"அதுக்குச் சேணம் போட்டிருக்கு, அண்ணா."

அவன் முகம் போன போக்கை எழுதமாட்டேன். நீங்கள் அந்த மேட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள். குழல் மெதுவாகக் கீழே இறங்கியது. தாழை இழுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அவை அவன் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன.

புதரிலிருந்து குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது சாட்சாத் ஹெஸ்டர் க்ரோல். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணன் கையிலிருந்ததைப் பார்த்தாள். "ஒரு சீட்டுக்கு ரெண்டு துப்பாக்கியா? சுடப்போறது யாரு?" என்றாள்.

அண்ணன்தான் பேசினான். அவளுடைய தொப்பிக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான்.

"இவதான். எனக்குக் கண்ணு தெரியாதும்மா. நான் கேட்டுச் சொல்றதுக்கு வந்திருக்கேன். இது காலி. சும்மா ஊனிக்கிட்டு நடக்க."

அவள் துப்பாக்கியை வாங்கித் திறந்து பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "காதுக்குச் சீட்டு வேண்டியதில்ல" என்றாள். பத்தடி போனதும் திரும்பி, "ஊன்றதுக்கு நாளைக்கு ஒரு நல்ல தடி கொண்டுவாங்க" என்றாள்.

அவள் போன பிறகு நான்தான் அழுதேன். அவன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினான், பாதி என் முழங்காலில்.

மறுநாள் தடியோடு வந்தான். மூன்றாம் நாள் காலையில் என் தோளைத் தொட்டு, "வந்துட்டான்" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பொறு. இடது பக்கம், செத்த மரத்துக்குப் பின்னால. திரும்புறான். பொறு... இப்ப" என்றான். பனிமூட்டத்திலிருந்து அந்த ஆண் அப்படியே வெளியே வந்து நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே தோட்டா. நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன்.

சீட்டில் தேதியை வெட்டி நானே கொம்பில் கட்டினேன். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து கொம்பை அடியிலிருந்து நுனிவரை தடவினான். விரல்விட்டு எண்ணினான். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நான்தான் சொன்னேன்ல. ஆறு."

உடம்பு தேறியதும் எழுதுங்கள். இனி என் கடிதங்களை உங்களுக்காகவே வாசிக்கலாம்.

அன்புடன்,
தோரா


டாக்வெல்
மே 15, 1988

தோராவுக்கு,

நலம். நீயும் பூனையும் நலமா?

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்கிறேன், நாடின் எழுதுகிறாள். வேட்டை முடிந்து நீ பஸ் ஏறின அன்று சாயங்காலம் கண் விஷயத்தை அவளிடம் சொன்னேன். "கறியை எடுத்து ஃப்ரீசர்ல வைங்க" என்றாள்.

ஒரு தடவை விழுந்துவிட்டதால் உன் பெயரை இனி ஏழு வருஷம் போடக்கூடாதாம், சட்டம். அதனால் இந்தத் தடவை நாடின் பெயரில் அனுப்பியிருக்கிறோம். கையெழுத்தை அவளே போட்டாள். தினமும் கொட்டகைக்குப் பின்னால் தகர டப்பாவைச் சுட்டுப் பழகுகிறாள். ஒரு கண்ணைத் தனியாக மூடத் தெரியவில்லை, பாத்திரம் துடைக்கிற துணியால் கட்டிக்கொள்கிறாள். (அது இரண்டே நாள்தான், தோரா. இப்போது மூட வருகிறது. - நாடின்)

வெர்லின் முதுகு சரியாகிவிட்டது. ஜூலையில் பியூட்டில் ஏதோ வேலை இருக்கிறதாம். பியூட்டில் அவனுக்கு என்ன வேலை?

சுவரில் இருந்த என் துப்பாக்கியை நாடின் எடுத்துக்கொண்டாள். எனக்குத் தடி போதும். நேற்று சாயங்காலம் ஆற்றங்கரையில் நின்றோம். ஒரு இளசு நடந்தது. நான்கு கிளை இருக்கும் என்றேன். பார்த்துவிட்டு ஐந்து என்றாள். எனக்குச் சந்தேகம்தான்.

ஓரின்

தோரா, இது நான். அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தபால்பெட்டி வரைக்கும் வேலியைத் தொட்டுத் தொட்டு நடக்கிறவரை எனக்குத் தெரியாதா? அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை காபிக் குவளையை ஒரு விரற்கடைகூட நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். இப்போது வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைக்கிறேன். "எங்கடி வச்சே?" என்று கத்துகிறார். அதைக் கேட்க நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
நாடின்